நிற்கும் வண்டிக்கு முட்டுக்கட்டை

ஊர் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடாதீர்கள் என்று கூட்டங்களில் வேண்டிக்கொள்வது, வளர்ச்சித் துறையில் பணிபுரியும் எம்போன்றோரின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்துக்கு மாறாக, தவறாமல் முட்டுக்கட்டை போடுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இன்று இக்கட்டுரையை எழுதுகிறோம். டிராக்டரிலிருந்து கழற்றி நிறுத்தப்படும் டிரெய்லர், அதாவது ஊரார் ‘பெட்டி’ என்று சொல்லும் வண்டி, தானாக உருண்டோடாதபடி சக்கரத்தின் அடியில் வைக்கும் கட்டையைப் பற்றியே இங்குக் கூறப் போகிறோம்.

கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இப்பெட்டி இல்லாத ஊர் அரிது. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகளுக்குக் கரும்பு செல்வதும், கொள்முதல் நிலையத்துக்கு நெல் செல்வதும், ஊராட்சியின் தண்ணீர்த் தொட்டி தெருத்தெருவாகச் செல்வதும் இதன் துணையாலேயே. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் ‘தானே’ புயல் கடலூர்க் கரையைத் தாக்கி மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்களில் ஜெனரேட்டரைக் கொண்டே குடிநீர்த் தொட்டிகளுக்கு நீரேற்ற நேர்ந்தது. அத்தகைய ஜெனரேட்டரும் பெரும்பாலும் சக்கரம் பூட்டிய மேடையின் மீதே ஊருக்கு வந்து சேர்கிறது. ஓடும்போது இவ்வண்டிகளை ஓட்டுநர் கவனித்துக் கொள்கிறார். நிற்கும்போது கவனிப்பார் யார் என்பதே கேள்வி.

ஒரு நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் எமது பணியிடத்தை அடுத்த ஓர் ஊரில், ஏரிக்கரைச் சாலையிலிருந்து வயலுக்கு இறங்கும் சரிவில் ஒரு பெட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கரும்பு ஏற்றி முடிவதற்குள் வேறொரு நடை சென்று வரலாம் என்று டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போயினர். சக்கரத்தின் அடியில் வைத்தவை இரண்டு செங்கற்கள். வெறும் பெட்டியை அவை தாங்கின. கட்டுக் கட்டாகக் கரும்பு ஏறஏறச் செங்கல் நொறுங்கியது. பெட்டி நகர்ந்தது. அதன் நிழலில் அமர்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த கரும்பு வெட்டும் தொழிலாளர் ஒருவரின் கால்மீது சக்கரம் ஏறிற்று. உயிருக்கு ஊறில்லை என்றாலும், அவ்வாண்டு வெட்டுப் பருவம் முழுவதும் அவரால் வேலைக்குச் செல்ல இயலவில்லை. வெட்டுக் கூலியை நம்பி முன்பணம் வாங்கியிருந்த குடும்பம் அது. அன்று காலையில் அதே பெட்டியின் அடியில் ஒரு குழந்தைக்குத் தூளி கட்டியிருந்தார்கள் என்பதைப் பின்னர் அறிந்தபோது எமக்கு நெஞ்சு நடுங்கிற்று.

பெட்டி ஏன் ஓடுகிறது?

நம் பாட்டன்மார் காலத்து மாட்டுவண்டிக்கு இத்தொல்லை மிகுதியாக இருந்ததில்லை. மாட்டை அவிழ்த்தவுடன் ஏர்க்காலும் நுகத்தடியும் தரையில் சாய்ந்து ஊன்றிக்கொள்ளும். இரும்புப் பட்டா போட்ட மரச்சக்கரமோ மண்ணில் எளிதில் உருளாது. இன்றைய பெட்டி அப்படிப்பட்டதன்று. காற்றடைத்த டயரும் பேரிங்கும் உள்ள சக்கரம் நல்ல தார்ச்சாலையில் உருள்வதை எதிர்க்கும் விசை, வண்டியின் எடையில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே ஆகும். ஆகவே ஐம்பது அடிக்கு ஓரடி தாழும் சரிவு, கண்ணுக்குச் சமதரை போலவே தோன்றினாலும், பெட்டியை நகர்த்தப் போதுமானது.

சரிவு கூடினால் விசையும் கூடும். பெட்டியும் பாரமும் சேர்ந்து 6 டன் இருப்பதாகக் கொள்வோம். பத்து அடிக்கு ஓரடி தாழும் இறக்கத்தில் அதைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை ஏறக்குறைய 600 கிலோ எடைக்குச் சமம். ஐந்தாறு பேர் கைகொடுத்துத் தடுக்கக்கூடிய விசையன்று இது. டிராக்டரின் பிரேக்கு டிராக்டருக்குத்தான் உதவும். கொக்கியிலிருந்து முளையை உருவிய நொடியே பெட்டி தனி வண்டியாகிவிடுகிறது. முன்புறம் ஊன்றும் தாங்குகால் பெட்டியின் மூக்கைத் தாங்குமேயன்றி அதன் ஓட்டத்தைத் தடுக்காது.

தேர் காட்டும் வழி

முட்டுக்கட்டையின் அருமையை அறிய நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்திரா தரிசனத்துக்கும் முந்திய நாளில், ஐந்து தேர்கள் நான்கு பெரு வீதிகளையும் சுற்றி வருவதை நேயர்கள் பலர் கண்டிருப்பர். வடம் பிடிப்போரின் மீதே நம் பார்வை செல்கிறது. ஆனால் தேரை வேண்டிய இடத்தில் நிறுத்துவதும், வீதி முனையில் திருப்புவதும் சக்கரத்தருகே கட்டையுடன் நடக்கும் சிலரின் கைத்திறனே. அவர்கள் அகப்பட்ட கல்லை எடுத்துச் சக்கரத்தின் அடியில் எறிவதில்லை. சக்கரத்தின் உயரத்துக்கும் தேரின் பாரத்துக்கும் ஏற்ப ஆப்பு வடிவில் செதுக்கிய மரக்கட்டையையே இடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் நீர்ம விசைத் தடையைப் பொருத்திய பின்னரும் முட்டுக்கட்டைக்காரர்களின் பணி ஓய்ந்துவிடவில்லை.

ரயில் நிலையத்தில் எஞ்சின் இன்றி நிற்கும் பெட்டிகளுக்கு மர ஆப்பும் சங்கிலியும் இடுகின்றனர். விமானம் வந்து நின்றதும் முதல் வேலையாகச் சக்கரங்களுக்குக் கட்டை வைக்கின்றனர். மேல்நாடுகளில் காரின் பின்னால் வீட்டையே பூட்டி இழுத்துச் சென்று, விரும்பிய இடத்தில் தங்கும் பழக்கம் உண்டு. அவ்வீட்டு வண்டியைக் காரிலிருந்து கழற்றுமுன் அவர்களும் முதலில் தேடுவது முட்டுக்கட்டையைத்தான்.

கட்டையின் அளவும் வடிவும்

கட்டையின் உயரம், சக்கரத்தின் முழு உயரத்தில் கால் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளத்தக்க அளவு. நம் பெட்டிகள் பலவற்றில் உள்ள டயரின் உயரம் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர். ஆகவே கட்டை 20 சென்டிமீட்டர் உயரமாவது இருத்தல் வேண்டும். அகலம் டயரின் அகலத்துக்குக் குறையலாகாது. அடிப்பக்கத்தின் நீளம் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் கட்டை குப்புறக் கவிழாது. டயரைத் தொடும் முகத்தைச் சாய்வாகச் செதுக்கி, டயரின் வளைவுக்கு ஏற்பச் சற்றே குழித்துவிட்டால் அது பொருந்தி உட்காரும்.

உயரத்தைவிட முக்கியமானது நெருக்கம். நிற்கும் சக்கரத்தை நகராமல் காப்பது எளிது. நகர்ந்துவிட்ட சக்கரத்தை நிறுத்துவது கடினம். டயருக்கும் கட்டைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருந்தால், பெட்டி அந்த ஒரு முழத்தில் வேகம் பெற்றுக் கட்டையின் மீதே ஏறிச் செல்லக்கூடும். ஆகவே டயரோடு ஒட்டிச் செருக வேண்டும்.

மரமா, ரப்பரா?

மரத்தில் செய்வதாயின் வைரம் பாய்ந்த கருவேலம் நமக்கு எளிதில் கிடைப்பது. மாட்டுவண்டியின் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் அதைத்தானே நம் முன்னோர் தேர்ந்தனர்! புளிய மரமும் நன்று. முருங்கை, முள்முருங்கை போன்ற மென்மரங்கள் பாரத்தில் நசுங்கும். வெட்டிய தென்னந்துண்டு உருண்டு போகும். ஊர் ஆசாரியிடம் அளவைச் சொன்னால், வேறு வேலைக்கு அறுத்து மிஞ்சிய துண்டிலேயே செய்து தருவார். வெடிப்பும் கறையானும் உண்டா என்று பருவத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் விற்கும் ரப்பர்க் கட்டை மழையில் ஊறாது, உளுக்காது, தார்ச்சாலையையும் சிமெண்டுத் தரையையும் இறுகப் பற்றும். நாள்தோறும் தெருவில் நிற்கும் தண்ணீர் வண்டிக்கு அது மிக ஏற்றது. பிளாஸ்டிக் கட்டை தூக்குவதற்கு எளிது என்றாலும், சிறு கார்களுக்கெனச் செய்தவை கரும்புப் பாரத்தைத் தாங்கா. எவ்வளவு எடைக்கு உரியது என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும். வெறும் இரும்புக் கட்டை சிமெண்டுத் தரையில் வழுக்கும்.

மண்ணை அறிந்து வைத்தல்

ஒரே கட்டை எல்லா நிலத்திலும் ஒரே வகையில் பயன்படாது. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் களிமண் மழைக்காலத்தில் குழையும். பாரம் ஏறியதும் கட்டை புதைந்து, அதன் உயரம் பாதியாகிவிடும். அங்கே கட்டையின் அடியில் அகலமான பலகை ஒன்றைப் போட்டு, சக்கரமும் அதே பலகையின் மீது நிற்குமாறு செய்தல் நலம். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைச் சரிவிலோ மண் செம்மண், மேலே சரளை. கட்டைக்கும் தரைக்கும் இடையில் அகப்பட்ட சரளை உருளையைப் போல் வேலை செய்து, கட்டையோடு வண்டியையும் சேர்த்துக் கீழே தள்ளும். அங்கே சரளையைக் கூட்டித் தள்ளிவிட்டுக் கெட்டித் தரையில் கட்டையை வைக்க வேண்டும். தார்ச்சாலையில் நனைந்த மரம் வழுக்குமாதலால், கட்டையின் அடியில் பழைய டயர்த் துண்டை ஆணி அடித்துப் பொருத்திக்கொள்ளலாம். ஆணியின் தலை ரப்பருக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும்.

எந்தச் சக்கரம்? எந்நேரம்?

நான்கு சக்கரப் பெட்டியில் முன் அச்சு இழுதடியுடன் சேர்ந்து இருபுறமும் திரும்பக் கூடியது. அங்கே வைத்த கட்டை அச்சு சற்றுத் திரும்பினாலும் விலகிவிடும். ஆகவே பின் அச்சின் சக்கரங்களுக்கே வைக்க வேண்டும். இரு சக்கரப் பெட்டிக்கு இரண்டு சக்கரத்துக்கும் வைக்க வேண்டும். சரிவில் தாழ்வான பக்கத்தில் முதலில் வைத்து, பிறகு மறுபக்கத்திலும் வைத்து, சக்கரத்துக்கு இரண்டாக மொத்தம் நான்கு கட்டைகளை இடுவதே முறை. ஓடும்போது அதிரும் ஜெனரேட்டர் வண்டியில் கட்டை சிறிது சிறிதாக விலகிப் போகும். எதிரெதிரான இரு கட்டைகளையும் கயிற்றால் பிணைத்துவிட்டால் விலகாது. இரு சக்கரப் பெட்டியில் முன்புறச் சுமையை முதலில் இறக்கினால் பின்புறம் தாழ்ந்து மூக்கு மேலெழும் என்பதையும் நினைவில் வைத்து, முன்னும் பின்னும் சமமாக இறக்க வேண்டும்.

வேலையின் ஒழுங்கு இதுவே: கூடியவரை சமதரையில் நிறுத்துக. டிராக்டரின் பிரேக்கைப் போடுக. முட்டுக்கட்டைகளை ஒட்டி வைக்க. தாங்குகாலை ஊன்றுக. அதன் பின்னரே முளையை உருவுக. மீண்டும் பூட்டும்போது முளையைச் செருகி, அது கழலாதபடி ஊசியையும் மாட்டிய பிறகே கட்டையை எடுக்க வேண்டும். கட்டையை வைப்பவர் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நின்று வைக்க வேண்டுமேயன்றி, வண்டி உருளும் வழியில் நிற்கலாகாது. எவ்வளவு நல்ல கட்டை வைத்திருந்தாலும், நிற்கும் பெட்டியின் அடியில் உறங்குவதும் தூளி கட்டுவதும் வேண்டா. நிழல் தேவையெனில் வயலோரத்தில் நான்கு கழி நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டுக் கொடுப்பது வெட்டு வேலை நடத்துவோரின் கடமை.

சாலையில் கிடக்கும் கல்

கல்லை வைத்து வண்டியை நிறுத்துவதில் இன்னொரு தீங்கும் உண்டு. வண்டி புறப்பட்ட பிறகு கல் அங்கேயே கிடக்கிறது. வைத்தவர் மறந்துவிடுகிறார். இருட்டியபின் மோட்டார் சைக்கிளில் வேலை முடிந்து திரும்பும் இளைஞரோ, சைக்கிளில் வரும் மாணவரோ அதில் மோதி விழுகின்றனர். வண்டியை நிறுத்தியவருக்கு அச்செய்தி எட்டுவதுகூட இல்லை. தனக்கு உதவிய கல்லே பிறர்க்கு இடுக்கண் ஆகிறது. முட்டுக்கட்டைக்கு ஒரு வளையம் பொருத்தி, ஒரு முழச் சங்கிலியால் பெட்டியின் சட்டத்தோடு பிணைத்துவிட்டால் அது சாலையில் தங்காது, காணாமலும் போகாது. அதன்மீது மஞ்சள் வண்ணம் பூசினால் இரவிலும் கண்ணுக்குத் தெரியும்.

செய்ய வேண்டுவது

ஊராட்சித் தலைவர்கள் முதற்கண் தத்தம் ஊராட்சியின் தண்ணீர் வண்டிக்கும் குப்பை வண்டிக்கும் நான்கு கட்டைகள் வீதம் செய்து வைத்து வழிகாட்ட வேண்டுகிறோம். ஊராட்சி வண்டிக்கே செங்கல்லை வைத்துவிட்டு உழவரிடம் உபதேசம் செய்தல் அழகன்று. கிராம சபைக் கூட்டத்தில், பெட்டி வைத்திருப்போரை அழைத்து ஒருமுறை செய்து காட்டினால் பத்துப் பக்கக் கட்டுரையைவிட அது பயன் தரும். வெட்டுப் பருவம் தொடங்கும் முன்பே இதை முடித்துவிடுதல் நன்று.

முன்னர்க் கூறிய தொழிலாளர் இப்போது மீண்டும் வெட்டுக்குச் செல்கிறார். சற்றே சாய்ந்து நடக்கிறார். அந்தப் பெட்டியின் உரிமையாளர் இன்று இரு சோடிக் கருவேலங் கட்டைகளைச் சங்கிலியிட்டு வைத்திருக்கிறார். ஒரு காலை விலையாகக் கொடுத்து ஓர் ஊர் கற்ற பாடத்தை, மற்ற ஊர்கள் விலையின்றியே கற்றுக்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை கைக்கு எட்டிய மரத்துண்டும், முளையை உருவுவதற்கு முன் ஒரு நிமிடப் பொறுமையும்தான்.