சுவருக்கும் காது உண்டு!

"டாக்டரய்யா, தூக்கத்துக்கு ஏதாவது சூரணம் கொடுங்க. பக்கத்து வீட்டுத் தம்பி பாட்டு போட்டா என் கட்டிலே அதிருது!" என்றார் அந்த அம்மாள்.

புதுச்சேரியின் பழைய வீதிகளில் பல வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர்தானே! சித்த மருத்துவத்தில், அடக்கக் கூடாத 14 வேகங்களில் தூக்கமும் ஒன்று. அது கெட்டால் தலைக்கனம், கண் சிவப்பு எல்லாம் வரும். சூரணம் மட்டும் என்ன செய்யும்?

தம்பியை அழைத்துப் பேசினேன். "பாட்டை நிறுத்தச் சொல்லலே, பெட்டியைக் கொஞ்சம் நகர்த்துப்பா!"

நீங்களும் செய்து பாருங்கள்:

* ஸ்பீக்கரைப் பொதுச்சுவரில் ஒட்டாமல் தள்ளி வையுங்கள். அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள்.

* 'பேஸ்' ஒலியைக் குறையுங்கள். சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் அதுதான்.

* கதவு, ஜன்னலைச் சாத்துங்கள்.

* இரவு 10 மணிக்கு மேல் ஹெட்போன், அதிலும் அளவோடு! 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சட்டமும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்; இரவு 10 முதல் காலை 6 வரை 45.

மறுவாரம் அம்மாள் சிரித்தபடி வந்தார். "நேத்து சாயங்காலம் பழைய பாட்டு போட்டுச்சு. 'கொஞ்சம் சத்தமா வைப்பா'ன்னு நானே கேட்டேன்!"