ஓடாத சைக்கிள்... தேயற டயர்!

சைக்கிள் ரூமுக்குள்ள நிக்குது. ஒரு அடிகூட நகரலை. ஆனா, பின் டயர் மட்டும் வாரத்துக்கு வாரம் வழுக்கையாகிட்டே வருது. ‘ரோட்டையே பார்க்காத டயர் எப்படி பாஸ் தேயும்?’னு தலையைச் சொறியறீங்களா? வாங்க, மேட்டருக்கு வருவோம்.

இன்டோர் ட்ரெய்னர்ங்கிறது ரொம்ப சிம்பிள். பின் சக்கரத்தை ஒரு ஸ்டாண்டில் மாட்டி, டயரை ஒரு சின்ன உலோக ரோலர் மேல அழுத்தி வெச்சுடுவாங்க. நீங்க மிதிக்க மிதிக்க ரோலர் சுத்தும். மழை, டிராஃபிக் எதுவும் உங்களைத் தடுக்காது. இதைச் சாதாரணமா நினைக்காதீங்க. 2016 பிப்ரவரியில் ரேஸில் விழுந்து கையை உடைச்சுக்கிட்டார், ஆஸ்திரேலிய வீரர் மேத்யூ ஹேமன். வீட்டு கராஜில் ட்ரெய்னர் மேலேயே பயிற்சி எடுத்தவர், அதே ஏப்ரலில் 257 கிலோமீட்டர் பாரிஸ்-ரூபே ரேஸை ஜெயிச்சுக் காட்டினார்!

சரி, டயர் ஏன் தேயுது? தார் ரோடு தட்டை. ரோலர் குட்டி. அதனால ரப்பருக்குள்ள அது ஆழமா அமுங்குது. ஒவ்வொரு சுத்துக்கும் ரப்பர் நசுங்கி, நிமிர்ந்து, நசுங்கி... சூடாகிடும். ரோட்டில்னா எதிர்க்காத்து அந்தச் சூட்டைக் கொண்டுபோயிடும். ரூமில் ஏது? அதோட, வளைவே இல்லாததால டயரோட நடுப்பட்டை மட்டும்தான் உழைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் மிதிச்சா, சக்கரம் சுமார் 14,000 தடவை சுத்தும். அத்தனை அடியும் அந்த ஒரே பட்டைக்குத்தான்!

காத்து குறைவா இருந்தாலோ, ரோலர் லூஸா இருந்தாலோ டயர் வழுக்கும். சைக்கிளுக்குக் கீழே கறுப்புப் பொடி கொட்டிக் கிடந்தா, அதுதான் சிக்னல்.

தப்பிக்க வழி?

* ஒவ்வொரு தடவையும் காத்து செக் பண்ணுங்க. எவ்வளவுன்னு டயர் ஓரத்திலேயே எழுதியிருக்கும்.

* சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு ரோலரைக் கையால் சுத்திப் பாருங்க. வழுக்கினா இன்னும் கொஞ்சம் டைட் பண்ணுங்க. ஓவர் டைட்டும் ஆகாது, சூடு ஏறும்.

* டயர்லயும் ரோலர்லயும் ஒட்டின அழுக்கைத் துணியால துடைச்சுடுங்க.

* பட்டன் பட்டனா இருக்கிற முரட்டு டயர் வேண்டாம். சத்தம் ரூம்மேட்டை எழுப்பிடும். வழவழ டயர்தான் பெஸ்ட்.

* கிழிசல் இல்லாத பழைய டயர் இருந்தா, அதை ட்ரெய்னருக்குன்னே ஒதுக்கிடுங்க. செலவு மிச்சம்.

ட்ரெய்னருக்குன்னே கடினமான ரப்பரில் டயர் விக்கிறாங்க. சூட்டைத் தாங்கும். ஆனா, அதை மாட்டிக்கிட்டு ரோட்டுக்குப் போகாதீங்க, கிரிப் கிடைக்காது. பின் சக்கரத்தையே கழட்டிட்டு செயினை நேரா மாட்டுற ‘டைரக்ட் டிரைவ்’ ட்ரெய்னரும் உண்டு. அதில் டயர் தேயற பேச்சே இல்லை. விலைதான் எகிறும்!

கடைசியா, ரொம்ப சீரியஸான விஷயம். ட்ரெய்னரில் உழைச்ச டயரோட அப்படியே ரோட்டில் இறங்காதீங்க. நடுவுல தட்டையாகிடுச்சா, உள்ளே நூல் தெரியுதா, பக்கத்துல வெடிப்பு இருக்கானு பாருங்க. இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. தேஞ்ச டயரை முன் சக்கரத்துக்கு மாத்துற ஐடியாவும் வேண்டாம். முன் டயர் வழுக்கினா சமாளிக்கிறது ரொம்பக் கஷ்டம். ரூமில் டயர் வெடிச்சா சத்தத்தோட போயிடும். இறக்கத்தில் வெடிச்சா?

மிதிக்கிறதுக்கு முன்னாடி டயரை ஒரு தடவை தடவிப் பாருங்க பாஸ்!