சுவரிலிருந்து மலைக்கு

நீருக்கடியில் – 11

அந்தமானில், ஹேவ்லாக் என்று பழகிப்போன சுவராஜ் தீவில், பவளப்பாறைச் சுவரை ஒட்டி இறங்கியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். மேலே வந்தபின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்த வாரம் பார்க்கலாம். எல்லா ஊர்க்காரருக்கும் தெரிய வேண்டிய விஷயம்தான். ஆனால் சித்தூர், திருப்பதிப் பக்கத்து வாசகர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். உங்கள் ஊரில் மலை இருக்கிறது. வெளியூர் போய்த் திரும்பும்போது மலையேறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கமும் இருக்கிறது.

2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கம் சொந்தக் கடற்கரையே உண்டு. பவளப்பாறை மட்டும் இல்லை. ஆறுகள் கொண்டுவரும் வண்டலும் மணலும் நிறைந்த கடல் அது. பவளத்துக்குத் தெளிந்த உப்புநீரும், பற்றிக்கொள்ளக் கெட்டியான அடித்தளமும் வேண்டும். அதனால் முக்குளிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தமானுக்கோ லட்சத்தீவுக்கோ போகிறார்கள். பக்கத்திலேயே பார்த்துவிடலாம் என்பவர்கள் புதுச்சேரிக்கோ சென்னையை அடுத்த கோவளத்துக்கோ போகிறார்கள்.

சரிவான பவளத்திட்டில் தரை கண்ணுக்குத் தெரியும். அதுவே ஓர் எல்லை. சுவரில் அந்த எல்லை கிடையாது. ஒரு பக்கம் விசிறிப் பவளங்களும் கடற்பஞ்சுகளும் மூடிய செங்குத்துப் பாறை, மறுபக்கம் வெறும் நீலம், காலுக்குக் கீழே கருநீலம். மீன்கூட்டம் ஒன்று சற்றுக் கீழே தெரியும், அதன் பின்னே போவோம். மணிக்கட்டுக் கணினியைப் பார்த்தால் நினைத்ததைவிடப் பல மீட்டர் கீழே இருப்போம். தொடக்கநிலைச் சான்றிதழ்காரருக்கு எல்லை 18 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லையே 40 மீட்டர்தான். சுவர் இரண்டையும் மறக்கடிக்கும்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் நாம் இழுக்கும் காற்று, கரையில் இழுப்பதைவிட நான்கு மடங்கு அடர்த்தி. அதிலுள்ள ஆக்சிஜனை உடம்பு செலவழித்துவிடும். நைட்ரஜனுக்கு அங்கே வேலையில்லை; ரத்தத்திலும் கொழுப்பிலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் ஏறாதீர்கள், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள் என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதற்காகத்தான். அப்படிச் செய்தும் படகில் ஏறும்போது மிச்சம் இருக்கும். அது கழிய மணிக்கணக்காகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், கரைந்திருந்த நைட்ரஜன் உடம்புக்குள்ளேயே குமிழிகளாகப் பிரியக்கூடும்.

விமானத்துக்கு இதற்கான கணக்கு உண்டு. டைவர்ஸ் அலெர்ட் நெட்வொர்க் என்ற பாதுகாப்பு அமைப்பு 2002-ல் கூட்டிய வல்லுநர்கள், ஒரே ஒரு முறை முக்குளித்தவர் 12 மணி நேரமாவது, பல முறை இறங்கியவர் 18 மணி நேரமாவது பொறுத்து விமானம் ஏறச் சொன்னார்கள். மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தங்கள் தேவைப்பட்ட ஆழ்ந்த முக்குளிப்பு என்றால் 18 மணி நேரமும் போதாது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 600 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு இணையானது என்று வைத்துப் போட்ட கணக்கு இது.

இந்தக் கணக்கு மலைக்கும் பொருந்தும். திருமலை 850 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. சித்தூரிலிருந்து மொகிலி மலைப்பாதை ஏறி பலமனேர் போனாலே 600 மீட்டரைத் தாண்டிவிடுவீர்கள். ஹார்ஸ்லி மலை 1,200 மீட்டருக்கும் மேல்.   

அந்தமானிலிருந்து விமானம் ஏறுகிறவரைப் பயிற்சியாளரே எச்சரித்துவிடுவார். என் கவலையெல்லாம் காரில் வருகிறவர்களைப் பற்றித்தான். புதுச்சேரியில் காலையில் இரண்டு முறை இறங்கிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப்பின் கிளம்பினால் இரவுக்குள் மலையடிவாரத்து அலிபிரிக்கு வந்துவிடலாம். கடைசியாக எப்போது கடலுக்கடியில் இருந்தீர்கள் என்று வழியில் யாரும் கேட்கப் போவதில்லை.

நடந்தே ஏறுவதாக வேண்டுதல் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். அலிபிரிப் பாதையில் 3,550 படிகள். முக்குளித்த கையோடு உடம்பைக் கடுமையாக வருத்துவது குமிழிகள் உண்டாவதைத் தூண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குமிழிகளால் வரும் நோயின் அடையாளங்கள் மூட்டுவலி, அசதி, தலைசுற்றல், மரத்துப்போதல். படியேறியவருக்கு முழங்கால் வலிப்பதும் அசதியாக இருப்பதும் இயல்பு என்று கூட வந்தவர்கள் தைலம் தேய்த்துப் படுக்கவைத்துவிடுவார்கள். சிகிச்சைக்கான நேரம் அப்படியே போய்விடும்.

அழுத்தம் சட்டென்று குறையும்போது குமிழியாவது நைட்ரஜன்தான் என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பெர் 1878-லேயே எழுதிவிட்டார். ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக மேலே வரும் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-ல் வெளியிட்டார். நம் கடற்கரை உழைப்பாளிகள் பலருக்கு அந்த அறிவு போய்ச் சேரவே இல்லை. தூத்துக்குடியில் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களை இந்த நோய் பெரும்பாலும் அண்டவில்லை. கம்ப்ரசர் காற்றைக் குழாய் வழியே வாங்கி நெடுநேரம் அடியில் இருக்கத் தொடங்கியதும் அது வந்து சேர்ந்தது. இலங்கையில் கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்கியவர்களில் கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. பிழைப்புக்காக இறங்கியவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. ஆசைக்காக இறங்கும் நமக்கு எல்லாமே கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. கேட்காமல் இருப்பது நியாயமே இல்லை.

பயணத்தின் வரிசையை மாற்றிவிடுங்கள். முதலில் திருமலை, பிறகு கடல். மலையிலிருந்து இறங்கிக் கடலுக்குப் போவதில் இந்த ஆபத்து கிடையாது. முடியாவிட்டால் கீழ்த்திருப்பதியில் ஓர் இரவு தங்கி, கடைசியாக நீரைவிட்டு மேலே வந்த நேரத்திலிருந்து 18 மணி நேரமாவது கழிந்தபின் ஏறுங்கள். தரிசன டிக்கெட் நேரத்தை அதற்கேற்பப் பதிவு செய்யுங்கள்.

மலையில் வலியோ மரத்துப்போதலோ தொடங்கினால் ஆக்சிஜன் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது, எத்தனை மீட்டர் ஆழத்துக்குப் போனோம், எத்தனை மணிக்கு மேலே வந்தோம் என்பது. உயரழுத்த ஆக்சிஜன் அறை உள்ள மருத்துவமனைகள் சென்னையில் இருக்கின்றன. அங்கே சீக்கிரம் போய்ச் சேர வேண்டும். திரும்பக் கடலில் இறங்கினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்த வாரம்: 2024 கோடையில் வெளுத்துப்போன லட்சத்தீவுப் பவளங்கள்.

(தொடரும்)