பள்ளிவாசலை இடிக்கும் முன் சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம்

மழைக்காலம் முடிந்ததும் எங்கள் மஹல்லாவில் ஒரே பேச்சுத்தான் எழும். "பள்ளிச் சுவர் உதிருது, மேல்மரம் இத்துப் போச்சு, இடிச்சிட்டு ஒரேயடியா காங்கிரீட்ல கட்டிருவோம்." ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது யாராவது ஒருவர் ஆரம்பிப்பார். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பத் தயாராக இருப்பார்கள். கமிட்டிக்கும் ஆசைதான். குமரி மாவட்டத்தில் இப்படித் தொடங்கிய பேச்சு எத்தனையோ ஊர்களில் பழைய பள்ளியைத் தரைமட்டமாக்கி முடிந்திருக்கிறது.

இடிப்பதற்கு முன் எங்கள் பள்ளியில் நாங்கள் செய்த ஒரு வைத்தியத்தைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கிப்லாச் சுவரின் அடிப்பகுதியில் பூச்சு பொரிந்து விழுந்தது. பழைய சுண்ணாம்புக் காரையைக் கொத்தி எடுத்துவிட்டு, இடுப்பளவு உயரத்துக்கு நல்ல சிமெண்ட் பூசினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழையில் ஈரம் சிமெண்ட்டுக்கு மேலே தோளளவு உயரத்தில் தெரிந்தது. அதற்கடுத்த மழையில் அங்கே பூச்சு பொரிந்தது. "சுவரே போச்சு" என்றார்கள். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் மூச்சை நாங்கள்தான் அடைத்துவிட்டோம்.

இதை விளங்கிக்கொள்ள, பழைய சுவர் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

பழைய கட்டடங்களுக்கு, நிலத்து ஈரம் மேலே ஏறாமல் தடுக்கும் அடுக்கு அஸ்திவாரத்தில் கிடையாது. கருங்கல், வெட்டுக்கல், செங்கல் எதுவானாலும், இணைத்திருப்பது சுண்ணாம்புச் சாந்து. நிலத்து ஈரம் கொஞ்சம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. ஏறிய ஈரம் அந்தத் துளைகள் வழியே வெயிலிலும் காற்றிலும் வெளியேறிவிடும். ஏறுவதும் வெளியேறுவதும் ஒரு கணக்கில் நிற்கும். சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. உள்ளே வந்த ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் என்ன செய்யும்? வழி தேடி இன்னும் மேலே ஏறும். கடலோர ஊர்களில் அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். ஈரம் காயும் இடத்தில் உப்பு படிகமாகி, கல்லையும் செங்கல்லையும் உள்ளிருந்தே பொடிக்கும். அந்த ஈரம் உத்திரத்தின் முனை வரை எட்டிவிட்டால் மரமும் சேர்ந்து உளுக்கும். அப்போது நாம் "கட்டடத்துக்கு வயசாகிவிட்டது" என்போம்.

இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் ரமழான் வருவதற்கு முன் பள்ளிக்கு வெள்ளையடிப்பது வழக்கம். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, மட்டையால் அடிப்பார்கள். அது அலங்காரம் என்றுதான் நாம் நினைத்தோம். உண்மையில் அது வருடாந்தரப் பராமரிப்பு. ஒவ்வொரு வெள்ளையடிப்பும் சுவரின் மயிரிழை விரிசல்களை அடைக்கும். இப்போது பிளாஸ்டிக் பெயிண்ட் வந்துவிட்டது. கழுவினால் பளிச்சென்று இருக்கும், ஆனால் சுவரின் மேல் ஒரு தோலாகப் படர்ந்து அதே மூச்சை அடைக்கும்.

சுண்ணாம்பு எப்படிச் சாந்தாகிறது?

கடற்சிப்பியும் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒரே பொருள்தான். ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சூளையில் சுட்டால் அதிலிருந்து கரியமில வாயு போய்விடும். மிஞ்சுவதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பைச் சலித்து, நாள்கணக்கில் தண்ணீரிலேயே ஊறப்போட்டு, பிறகு மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். மாடு கட்டி இழுத்த அந்தக் காரைச் செக்குகளின் வட்டக் கல்வாய்கள் சில பழைய ஊர்களில் இன்னும் கிடக்கின்றன. கடுக்காயையும் கருப்பட்டியையும் நாள்கணக்கில் ஊறவைத்துப் புளித்த தண்ணீரை அந்தச் சாந்தில் சேர்ப்பார்கள். கருப்பட்டியின் இனிப்பு சாந்தை மெதுவாக இறுகச் செய்யும். மெதுவாக இறுகினால் விரிசல் குறையும். பனங்காடு நிறைந்த நம் மாவட்டத்தில் கொத்தனாருக்குக் கருப்பட்டி தேடி அலைய வேண்டியிருந்திருக்காது.

பூசிய பிறகு சுண்ணாம்பு காற்றிலிருந்து, சூளையில் இழந்த அதே கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இதற்கு மாதங்கள், கனத்த சுவரென்றால் வருடங்கள்கூட ஆகும். நமக்குச் சுண்ணாம்போடு உள்ள தகராறே இந்தப் பொறுமைதான். காலையில் பூசி மறுநாள் பெயிண்ட் அடிக்க முடியாது. வெயில் படாமல் சாக்கு தொங்கவிட்டு, நாள்கணக்கில் நனைக்க வேண்டும். பெருநாளுக்குள் வேலை முடிய வேண்டும் என்று அவசரப்படுபவருக்கு இது சரிவராது.

இது எந்த அளவுக்குப் போகும் என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. தக்கலையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601ஆம் ஆண்டளவில் தொடங்கி, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக்கப்பட்டது. 1956இல் குமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே நீடிக்கிறது. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். முகம் தெரியும் அளவுக்கு மின்னும் அந்தக் கறுப்புத் தரையைச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் போட்டதாகச் சொல்கிறார்கள். அந்தத் தரையைவிட நாம் நின்று பார்க்க வேண்டியது மேற்கூரை. சரிவான ஓட்டுக்கூரை, நீண்டு இறங்கும் இறவாணம், காற்று புகும் மர அழிகள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. சுவரில் சாரல் படாமல் தண்ணீரைத் தூரத் தள்ளிவிட வேண்டும், உள்ளே காற்று ஓட வேண்டும். அங்கே கண்ட எல்லாமே இந்த இரண்டு தேவைக்குள் அடங்கும்.

மரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. தேக்கு, ஆஞ்சிலி, பலா ஆகியவை நம் பக்கத்து ஆசாரிமார் நம்பிய மரங்கள். பழைய கூரையில் உத்திரமும் கழுக்கோலும் பெரும்பாலும் துளையும் நாக்குமாகக் கோத்து, மர ஆணி அடித்து நிறுத்தப்பட்டவை. கோத்ததைக் கழற்றலாம். ஒரு கழுக்கோல் இற்றுப்போனால் அதை மட்டும் உருவி மாற்றலாம். ஒரு முனை மட்டும் உளுத்திருந்தால், அந்த முனையை அறுத்து நல்ல மரத்தை ஒட்டுக் கோக்கலாம். சென்னைக்குத் தெற்கே தட்சிணசித்ராவில் கேரள, தமிழகப் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காங்கிரீட் வீட்டை யாரும் அப்படிப் பெயர்த்துக் கொண்டுபோக முடியாது. கறையான் வராமலிருக்க முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைத் தடவுவது பழைய முறை. முந்திரித் தொழிற்சாலைகளுக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதை மறந்தோம் என்பது வேடிக்கைதான்.

கோழிக்கோடு குற்றிச்சிறையில் உள்ள மிஸ்கால் பள்ளி மரத்தாலான அடுக்குப் பள்ளி. 1510இல் போர்த்துகீசியர் வைத்த தீயில் சேதமடைந்தது. சேதமானதைத் திரும்பக் கட்டினார்கள். ஐந்நூறு வருடத்துக்கு முன் தீப்பிடித்த பள்ளியில் இன்றும் தொழுகை நடக்கிறது.

"காங்கிரீட் என்றால் கவலையில்லை" என்று நம்மில் பலர் நம்புகிறோம். கடற்காற்றில் உள்ள உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும். அது உள்ளிருந்து தள்ள, மேலுள்ள காங்கிரீட் பிளந்து பெயர்ந்து விழும். குளச்சல், தேங்காய்ப்பட்டினம், கோட்டார் பக்கங்களில் கடந்த தலைமுறையில் போட்ட ஒட்டுத்தளங்களை அண்ணாந்து பார்த்தால் துருப்பிடித்த கம்பி தெரியும் இடங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நல்ல காங்கிரீட் போட முடியாது என்று நாங்கள் சொல்லவில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரின் தலையில் காங்கிரீட் தளத்தை ஏற்றுவதுதான் இரண்டு கட்டடத்தையும் கெடுக்கிறது.

டெல்லியில் ஹுமாயூன் அடக்கத்தலத்தில் நடந்தது இதற்குப் பெரிய சாட்சி. 20ஆம் நூற்றாண்டில், ஒழுகலை நிறுத்துவதற்காக அதன் கூரைமேல் அடுக்கடுக்காகக் காங்கிரீட் போட்டு வைத்தார்கள். ஆகா கான் கலாசார அறக்கட்டளை, தொல்லியல் துறையோடு சேர்ந்து 2007 முதல் 2013 வரை அங்கே பராமரிப்பு வேலை செய்தது. அப்போது கூரையிலிருந்து மட்டும் ஏறக்குறைய 10 லட்சம் கிலோ காங்கிரீட்டை எடுத்தார்கள். அந்த இடத்தில் மீண்டும் சுண்ணாம்புதான் போடப்பட்டது. மொகலாயர் கட்டடத்துக்கு நாம் சிமெண்ட்டால் செய்த உபகாரம் பத்து லட்சம் கிலோ பாரம்!

நமக்கு இன்னும் பக்கத்தில் உள்ள உதாரணம் கொடுங்கல்லூர் சேரமான் ஜுமா பள்ளி. கூட்டம் பெருகப் பெருக, 1970களிலிருந்து பழைய பள்ளியைச் சுற்றி காங்கிரீட் சேர்க்கைகள் எழுந்தன. முசிறிஸ் பாரம்பரியத் திட்டத்தின் கீழ் அந்தச் சேர்க்கைகளை அகற்றி, ஓட்டுக்கூரையோடு பழைய தோற்றத்தை மீட்டார்கள். அப்படியானால் ஜும்ஆவுக்கு வரும் கூட்டம் எங்கே நிற்பது? தரைக்கடியில் பெரிய தொழுகைக் கூடம் கட்டினார்கள். இடப் பற்றாக்குறை என்ற உண்மையான தேவைக்கு, இடிக்காமலும் விடை உண்டு என்று அந்த ஜமாஅத் காட்டியிருக்கிறது. எல்லா ஊருக்கும் அத்தனை பணம் கிடைக்காதுதான். ஆனால் பழைய பள்ளியை உள்பள்ளியாக வைத்துக்கொண்டு, ஒட்டாமல் ஓர் இடைவெளி விட்டுப் புதுக் கூடத்தைத் தனி அஸ்திவாரத்தில் எழுப்புவது சாதாரண ஜமாஅத்துக்கும் இயலும் காரியம். பெண்கள் தொழும் இடம், ஒளு செய்யும் இடம், வண்டி நிறுத்தம் எல்லாவற்றையும் புதுப் பகுதிக்குக் கொண்டுபோனால், பழைய சுவர்களில் குழாய்க்காகத் துளையிடும் தொல்லையும் தீரும்.

மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளின் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்களை நினைத்தபடி இடிக்க முடியாது. வட்டக்கோட்டைக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. நம் பழைய பள்ளிகளில் மிகப் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லை. மாலிக் இப்னு தீனார் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் தேங்காய்ப்பட்டினம் பள்ளியிலிருந்து, பெயர் வெளியே தெரியாத சின்னத் தைக்காக்கள் வரை, இவற்றுக்கு உள்ள ஒரே காவல் அந்தந்த ஜமாஅத்தின் முடிவுதான். தேங்காய்ப்பட்டினம் என்றதும் தோப்பில் முஹம்மது மீரான் நினைவுக்கு வருகிறார். 1997இல் சாகித்திய அகாதமி விருது பெற்ற அவருடைய 'சாய்வு நாற்காலி'யில் ஒரு பரம்பரை வீட்டின் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோவதைப் படித்தவர்களுக்கு, நம் பழைய வீட்டுக் கதவும் தூணும் இன்று எந்த ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கின்றன என்று தோன்றாமல் போகாது.

முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியதைப் பார்க்க வேண்டும். முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மழை பெய்யும்போதே நின்று கவனிக்க வேண்டும். பல இடங்களில் உடைந்த நான்கு ஓடும், அடைபட்ட பாத்தியும், சுவரோரம் உயர்த்திப் போட்ட சிமெண்ட் தரையும்தான் குற்றவாளிகள். உத்திரம் சுவரில் நுழையும் முனையை உளியால் குத்திப் பார்க்க வேண்டும். மரத்தின் நடுப்பகுதி உறுதியாக இருந்து, முனை மட்டும் இற்றிருக்கும். சுவர் வெளிப்புறம் சாய்ந்திருந்தாலோ, கல்லிடைச் சாந்து ஆழமாகப் போயிருந்தாலோ பழைய கட்டட வேலை தெரிந்த பொறியாளரைத்தான் கூப்பிட வேண்டும். புதுக் கட்டடம் மட்டுமே கட்டிப் பழகியவர் பெரும்பாலும் "இடியுங்கள்" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர் படித்தது அது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தவர்களே சொன்னால் இடிக்கத்தான் வேண்டும். அப்போதும் அளவெடுத்து, படம் பிடித்து, கல்வெட்டு இருந்தால் அது கலவைக் கல்லாகிவிடாமல் எடுத்து வைத்த பிறகே கடப்பாரை விழ வேண்டும்.

ஆள் கிடைப்பது கடினம் என்பது உண்மை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் வயதானவர்கள். கூடமாட நின்று கற்றுக்கொள்ளப் பையன்கள் இல்லை. வேலை இருந்தால்தானே பையன்கள் வருவார்கள்? மாலி நாட்டின் ஜென்னே நகரில், 1907இல் கட்டிய மண் பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. கொத்தர்கள் முன்னே நிற்க, இளைஞர்கள் மண்ணைச் சுமந்து ஓடுகிறார்கள். அந்த ஒரு நாள் வேலையில்தான் அடுத்த தலைமுறைக்குக் கைப்பழக்கம் போகிறது.

எங்கள் பள்ளியில் சென்ற கோடையில் தெற்குச் சுவரை மட்டும் சோதனைக்கு எடுத்தோம். சிமெண்ட்டை உளியால் மெல்ல உரித்து, சுவரை ஒரு மாதம் காயவிட்டு, எழுபது வயதைத் தாண்டிய ஒரு கொத்தனாரை வைத்துச் சுண்ணாம்பு பூசினோம். மஹல்லாப் பையன்கள் இரண்டு பேர் கையாளாக நின்றார்கள். இரண்டு மழையும் அடித்து ஓய்ந்துவிட்டது, தெற்குச் சுவரில் பொரிவு இல்லை. கிப்லாச் சுவரில் ஈரம் அப்படியே நிற்கிறது. அதை என்ன செய்வது என்பது பெருநாளுக்குப் பிறகு கூடும் பொதுக்குழுவில் வருகிறது. இடிக்க வேண்டும் என்பவர்களும் அதற்கு வருவார்கள்.