உங்களுக்குத் தெரியுமா? தன்னைத் தானே தட்டிக்கொடுப்பதிலும் சூட்சுமம் உண்டு!

“என்னால் முடியும்” என்று தினமும் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லச் சொல்வது தலைமைப் பயிற்சி வகுப்புகளில் வாடிக்கை. ஆனால், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக உளவியலாளர் ஜோஆன் வுட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. தன்மதிப்பு குறைந்தவர்கள் தங்களைப் புகழும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, மனம் இன்னும் சோர்ந்துதான் போனது!

பிறகு எதுதான் பலிக்கிறது?

குடும்பம், நட்பு, கலை என ஒருவர் உயிராய் மதிப்பதை நினைத்துப் பார்ப்பது. இது 1988-இல் உளவியலாளர் கிளாட் ஸ்டீல் முன்வைத்த கோட்பாடு. இதில் சுயபுராணத்துக்கு வேலையே இல்லை. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில், மாணவ மாணவிகளைத் தாங்கள் மதிப்பவற்றைப் பற்றி 15 நிமிடம் வீதம் இருமுறை எழுதவைத்தார்கள். அவ்வளவுதான். மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் இடையே இருந்த மதிப்பெண் இடைவெளி குறைந்தது. 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகள் வெளியாகின.

புதிதாகத் தலைமைப் பொறுப்பேற்பவர்களும் இப்படி எழுதிப் பார்க்கலாம். செலவு ஒரு தாள்தான்.