நாயின் இரைப்பை முறுக்கிக்கொண்டால்: திறந்த அறுவையா, துளை அறுவையா?

மாசாய், ஸ்கூடாய், கூலாய் என நம் ஜொகூர் தாமான்களில் காவலுக்கு அல்சேஷன், டோபர்மேன் வளர்ப்போர் உண்டு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாய் இருக்கிறதா? நெஞ்சுக்கூடு ஆழமான பெரிய இன நாய்களைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடக்கூடிய ஒரு நோயை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அதுதான் இரைப்பை முறுக்கு.

முதலில் இரைப்பை காற்றால் பலூன்போல் உப்புகிறது. பிறகு சுழன்று முறுக்கிக்கொள்கிறது. உள்வழி, வெளிவழி இரண்டும் அடைபடுவதால் காற்று வெளியேற முடிவதில்லை. உப்பிய இரைப்பை, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துகிறது. இதயத்துக்குப் போதிய இரத்தம் திரும்பாமல் நாய் சரிகிறது. இரைப்பைச் சுவரும் இரத்தமின்றிச் சாகத் தொடங்குகிறது.

வயிறு உப்புதல், ஒன்றும் வெளிவராமல் திரும்பத் திரும்பக் குமட்டுதல், எச்சில் வடிதல், நிலைகொள்ளாமல் தவித்தல் ஆகியவை அறிகுறிகள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முறுக்கை அவிழ்ப்பது மட்டும் போதாது. அதோடு விட்டால் பாதிக்கும் மேற்பட்ட நாய்களுக்கு அது மீண்டும் வரலாம். எனவே, இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைக்கிறார்கள். தைத்த இடம் ஆறித் தழும்பாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் மீண்டும் முறுக்கும் வாய்ப்பு 100க்கு 5க்கும் கீழே குறைகிறது. காற்று சேர்ந்து உப்புவதை மட்டும் இந்தத் தையல் தடுக்காது.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. திறந்த முறையில் வயிற்றின் நடுவே நீளமாகக் கீறுவார்கள். துளை முறையில் கார்பன் டைஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்பச் செய்து, சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்துவார்கள். இந்தத் துளை முறைக்கும் நாய்க்கும் பழைய உறவு உண்டு. 1901இல் ஜெர்மானிய மருத்துவர் கெயோர்க் கெல்லிங், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் முறையை முதன்முதலில் செய்துகாட்டியது ஒரு நாயிடம்தான்.

துளை முறையில் காயம் சிறிது, வலி குறைவு. சூலகம் நீக்கப்பட்ட சிறு நாய்களின் நடமாட்டத்தைக் கருவியால் அளந்த ஓர் ஆய்வு 2009இல் வெளியானது. அறுவைக்குப் பின் நடமாட்டம் திறந்த முறையில் 62 விழுக்காடும் துளை முறையில் 25 விழுக்காடும் குறைந்திருந்தது. ஆனால், துளை முறைக்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும், செலவும் கூடும்.

அப்படியானால் எது சிறந்தது? அது நேரத்தைப் பொறுத்தது. முறுக்கு விழுந்துவிட்டால் பொதுவாகத் திறந்த முறைதான். காற்றை விரைந்து வெளியேற்றி, முறுக்கை அவிழ்த்து, செத்த திசு உண்டா, மண்ணீரல் நலமா என்று மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். நாய் நலமாக இருக்கும்போது முன்கூட்டியே தைத்துவைக்கத் துளை முறை ஏற்றது. கருத்தடை செய்யும்போதே இதையும் சேர்த்துச் செய்யலாம்.

ஆகவே, பெரிய இனக் குட்டி வளர்ப்போர் கருத்தடைக்குப் போகும்போது மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். ஒரே வேளையில் வயிறு முட்டப் போடாமல் உணவைப் பிரித்துக் கொடுங்கள். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை கிளினிக் உங்கள் வட்டாரத்தில் எது என்று இன்றே விசாரித்து வையுங்கள்.