எந்த ஆறு அந்த ஆறு?

எஸ்.பி.எம். வரலாற்றுக்கு ஒப்பந்தங்களை ஆண்டோடு சேர்த்து மனப்பாடம் செய்தவர்கள் நாம். 1824, 1874, 1909. கையெழுத்திட்டார்கள், எல்லை பிறந்தது, அடுத்த கேள்வி! பல்கலைக்கழகத்தில் இப்பருவத்தில் ஓர் இடுபணிக்காக நான் படித்த வழக்கில், கையெழுத்துக்குப் பிறகுதான் சிக்கலே தொடங்கியது.

அமெரிக்க விடுதலைப் போரை முடித்து வைத்தது 1783ஆம் ஆண்டு பாரிஸ் ஒப்பந்தம். புதிய நாட்டின் கிழக்கு எல்லை, செயின்ட் குரோய் ஆற்றின் நடுவே செல்லும் என்றது அது. ஆனால், களத்தில் எந்த ஆறு அது என்பதில் உடன்பாடில்லை. பாசமாகுவாடி விரிகுடாவில் கலக்கும் ஆறுகளில், கிழக்கே உள்ள மகடேவிக்தான் என்றது அமெரிக்கா. மேற்கே உள்ள சுகூடிக்தான் என்றது பிரிட்டன்.

இரண்டுக்கும் இடையே செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊர் இருந்தது. போரில் பிரிட்டன் பக்கம் நின்றதால் அமெரிக்காவில் வாழ முடியாமல், வீடுகளைக்கூடப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அமைத்த ஊர். அமெரிக்கா வென்றால், விட்டு வந்த நாட்டுக்குள்ளேயே மீண்டும் அகப்படுவார்கள்.

1794ஆம் ஆண்டு ஜே ஒப்பந்தத்தின்படி மூன்று ஆணையர்கள் இதை விசாரித்தனர்.

சொன்னவர்கள் யார்?

ஒப்பந்தம் பேசியவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்கிளின், 1790இல் தாம் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு எழுதிய கடிதத்தில், பேச்சுவார்த்தையில் பயன்பட்டது மிட்செலின் வரைபடமே என உறுதி கூறியிருந்தார். 1797இல், அதிபர் பதவியில் இருந்த ஜான் ஆடம்ஸும் வாக்குமூலம் அளித்து அதையே சொன்னார். ஆனால் 1755இல் வெளிவந்த அந்த வரைபடம் உண்மையான கடற்கரையோடு சரியாகப் பொருந்தவில்லை. பெரிய மனிதர்களின் நினைவு, தவறான தாளிடம்தான் கொண்டுபோய் விட்டது.

அமெரிக்கத் தரப்பிடம் இன்னொரு சான்றும் இருந்தது. 1764இல் ஒரு நில அளவையாளரிடம் பாசமாகுவாடி பழங்குடியினர் சத்தியம் செய்து மகடேவிக்கைக் காட்டியிருந்தனர். (அவர் பெயரும் ஜான் மிட்செல்தான், வரைபடக்காரர் வேறு, இவர் வேறு.)

முடிவைத் திருப்பியது மண். 1604இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆற்றிடைத் தீவு ஒன்றில் குளிர்காலத்தைக் கழித்து, ஏறக்குறைய பாதிப்பேரை ஸ்கர்வி நோய்க்குப் பலிகொடுத்தனர். செயின்ட் குரோய் என்பது அவர்கள் வைத்த பெயர். அவர்களோடு இருந்த ஷாம்ப்ளேன் அக்குடியிருப்பைப் படமாக வரைந்திருந்தார். 1797இல் செயின்ட் ஆண்ட்ரூஸ்வாசி ராபர்ட் பேகன் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சுகூடிக் ஆற்றுத் தீவில் தோண்ட, பழைய கட்டடங்களின் அடித்தளங்கள் வெளிப்பட்டன.

பேகனுக்குச் சொந்த நலன் இல்லையா? இருந்தது. அவரும் அப்படி இடம்பெயர்ந்து வந்தவர்தான். ஆனால் அவர் சொன்னதை எவரும் தீவுக்குப் போய்ச் சரிபார்க்க முடியும். படமோ அவர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே வரையப்பட்டது. எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. நலன் இல்லாத சாட்சி கிடைப்பது அரிது. எனவே, 'இவர் யார்?' என்பதோடு, 'இவர் சொல்வதை எதை வைத்துச் சோதிக்கலாம்?' என்றும் கேட்க வேண்டும்.

1798 அக்டோபர் 25இல் ஆணையர்கள் சுகூடிக்கைத் தேர்ந்தெடுத்தனர். ஆற்றின் தலைப்பகுதியாக வடக்குக் கிளையை ஏற்றதால் அமெரிக்காவுக்கும் ஓரளவு நிலம் மிஞ்சியது.

நம் வட்டாரத்துக்கும் இது புதிதல்ல. 2008இல் பத்து பூத்தே தீவு சிங்கப்பூருக்கு உரியது என அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, ஜொகூர் அதிகாரி ஒருவர் 1953இல் எழுதிய கடிதம் முக்கியச் சான்றானது.

ஒன்று மட்டும் என் மனத்தை விட்டு நீங்கவில்லை. பாசமாகுவாடி மக்களிடம் ஆறு எது என்று கேட்டார்கள். தங்கள் மண்ணின் நடுவே கோடு போடலாமா என்று கேட்கவில்லை. இன்றும் அவர்கள் அந்த எல்லையின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். அடுத்த முறை ஓர் ஒப்பந்தத்தின் ஆண்டை மனப்பாடம் செய்யும்போது, அங்கே யாரைக் கேட்டார்கள், யாரைக் கேட்கவில்லை என்றும் தேடிப் பாருங்கள்.